பாயிண்ட்ஸ்மேனின் பகல் தூக்கம்

பட்டப்பகலில் ஒரு மனிதன் உட்கார்ந்தபடியே தூங்கினால், அதற்குக் காரணம் சொல்ல பிரிக்பீல்ட்ஸில் ஆள் பஞ்சமே இருந்ததில்லை. என் கணவர் அப்படித் தூங்கிய அந்த ஐந்தாறு மாதத்தில் நான் கேட்ட காரணங்களை எழுதி வைத்திருந்தால் ஒரு வைத்தியப் புத்தகமே போட்டிருக்கலாம். கண்ணேறு என்றார்கள். கள் என்றார்கள். பழைய காய்ச்சல் எலும்பில் தங்கிவிட்டது என்றார்கள். தலையை வடக்கே வைத்துப் படுக்கிறாரா என்று கேட்டார்கள். கல்யாணமாகி இரண்டு வருஷம்தானே ஆகிறது என்று கேட்டுவிட்டு, தங்களுக்குள் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இந்த வயதிலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இது முதல் பெரிய யுத்தத்துக்கு முந்திய காலம். கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். பாதிரிமார் நடத்திய பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புவரை படித்த துணிச்சலில்தான் இதை எழுதுகிறேன். கல்யாணமாகி கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸுக்கு வந்தபோது எனக்குப் பதினெட்டு வயது. ஒரு அறை, ஒரு அடுப்படி, பின்னால் நாலு வீட்டுக்குப் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய். தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தவளுக்கு அது மாளிகை.

அவருக்குப் பாயிண்ட்ஸ்மேன் வேலை. ரயில் எந்தத் தண்டவாளத்தில் போக வேண்டுமோ, அதற்குத் தகுந்தபடி லிவரை இழுத்துத் தடத்தை மாற்றிவிட வேண்டும். கிள்ளானிலிருந்து வரும் சரக்கு வண்டியைத் தப்பான தடத்தில் விட்டால், அது போய் நிற்கிற வண்டியின் மேல் மோதும். உலகத்தில் தூங்கக் கூடாத உத்தியோகம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். அந்த வேலையோடு சேர்ந்ததுதான் வீடும். வேலை போனால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் தோட்டத்துக்குப் போய் அப்பா வீட்டு வாசலில் நிற்க வேண்டும். இது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும், அந்த வரிசையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

வேலை நிரந்தரமானதும் அவருடைய அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். அதே வரிசையில் நாலாவது வீடு அவளுடையது. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள் என்பதால் அவள் பேச்சுக்கு அவர் மறுபேச்சுப் பேசியதில்லை. நான் அவளை மதினி என்று கூப்பிடுவேன்.

"வேல நெரந்தரமாச்சுன்னா பத்துமலைக்கு ஒன்னக் காவடி எடுக்க வைக்கிறேன்னு நான் வேண்டிக்கிட்டேன்டா" என்றாள்.

வேண்டிக்கொண்டது அவள். காவடி எடுப்பது தம்பி. விரதச் சோறு பொங்குவது நான். இந்தக் கணக்கு எனக்கு அன்றைக்கே சரியாகப் படவில்லை. ஆனால் புதுப்பெண்ணுக்கு வாய் எங்கே இருக்கிறது?

நாற்பத்தெட்டு நாள் விரதம். மீன், கறி, வெங்காயம், பூண்டு எதுவும் கூடாது. பகலில் ஒரு வேளைச் சோறு. ராத்திரிக்கு ஒரு வாழைப்பழம், சின்ன டம்ளரில் கொஞ்சம் பால். இதெல்லாம் எல்லோரும் இருக்கிற விரதம்தான். மதினியின் சட்டம் இன்னும் ஒரு படி மேலே இருந்தது. பருப்பு கூடாது, வாயு பிடித்தால் மலை ஏற முடியாது என்றாள். புழுங்கல் அரிசி அறவே கூடாது என்றாள்.

"அது ஏற்கெனவே ஒருதடவ வெந்தது. எவன் அவிச்சானோ, எந்தக் கையோ. வெந்தத மறுபடியும் வேகவச்சா அது பழசு இல்லையா? சாமிக்கு விரதம் இருக்கிறவன் பழசத் திம்பானா? பச்சரிசி மட்டுந்தான் போடணும், தெரியுதா?"

தெரிந்தது. எங்கள் ஊர்ப்பக்கத்திலும் விரதத்துக்குப் பச்சரிசிதான். தோட்டத்தில் எங்களுக்குப் படியளந்தது ரங்கூன் புழுங்கல் அரிசி. பழுப்பாக, மொத்தையாக, ஒரு வாடையோடு இருக்கும். கூலிக்காரச் சோறு என்று அதற்குப் பெயர். பச்சரிசி வேண்டுமென்றால் பாசார் என்கிற சந்தையில் சீனர் கடைக்குப் போக வேண்டும். அங்கே சயாம் அரிசி மூட்டை மூட்டையாக இருக்கும். மில்லில் தீட்டித் தீட்டிப் பல்லைப் போல வெளுத்த அரிசி. கையில் அள்ளினால் மாவு உதிரும், அவ்வளவு சுத்தம். அதைத் தூக்கிக்கொண்டு குவாட்டர்ஸ் வாசலில் நடக்கும்போது எனக்கு நடையே மாறிவிடும், பொய் சொல்லக் கூடாது.

அதை நான் ஏழு தண்ணீர் விட்டுக் கழுவினேன். கழுவின தண்ணீர் குழாய்த் தண்ணீர் மாதிரித் தெளிகிறவரை விடமாட்டேன். பொங்கிக் கஞ்சியை ஒட்ட வடித்து, மல்லிகைப்பூ மாதிரி இலையில் கொட்டுவேன். மேலே கொஞ்சம் ரசம், பூசணிக்காய், மோர். எனக்குத் தனியாக ஒரு சின்னச் சட்டியில் பழைய ரங்கூன் புழுங்கலைப் பொங்கி, கஞ்சியோடு, கருவாட்டோடு அடுப்படி மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிடுவேன். விலை கூடிய அரிசியை நானும் தின்னலாமா? நல்லது எல்லாம் அவருக்கு என்று நினைத்தேன். அப்படி நினைத்ததில் ஒரு சந்தோஷமும் இருந்தது.

முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகு சாப்பிட்ட இலையை எடுப்பதற்குள் சுவரில் சாய்ந்து தூங்க ஆரம்பித்தார். விரதம், வயிறு காய்கிறது, அதனால்தான் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ராத்திரியும் நன்றாகத்தான் தூங்கினார். காலையில் எழுந்திருக்கும்போதே மூட்டை தூக்கியவர் மாதிரி எழுந்திருப்பார். கால் கனக்கிறது என்பார். குழாயடி வரை போய்வந்தால் மூச்சு வாங்கும்.

"என்னங்க, ஒடம்புக்கு என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல. அசதி."

"எதனால அசதி?"

"தெரிஞ்சா சொல்லமாட்டேனா?"

இந்த நாலு வரிப் பேச்சை நாங்கள் நூறு தடவையாவது பேசியிருப்போம். ஒரு தடவைகூட ஐந்தாவது வரி வந்ததில்லை.

தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு ரயிலிலேயே போனோம். அப்போது மலைக்குப் படி கிடையாது. கல்லையும் வேரையும் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். காவடியைத் தோளில் வைத்து அவர் ஆற்றங்கரையிலிருந்து நடந்தார். நன்றாகத்தான் நடந்தார். மலையடியில் கூட்டம் நெருக்கி, கொஞ்ச நேரம் நிற்க வேண்டி வந்தது. நின்ற இடத்தில் அவருக்குக் கண் சொருகிவிட்டது. மேளம் காதைப் பிளக்கிறது, வேல் வேல் என்று ஆயிரம் பேர் கத்துகிறார்கள், இந்த மனிதர் காவடியோடு முழங்காலில் மடங்கி உட்கார்ந்து தூங்குகிறார்! காவடி தரையில் பட்டுவிட்டது.

சந்நிதிக்குப் போகும்முன் காவடியைத் தரையில் வைக்கக் கூடாது. மதினியின் முகம் வெளுத்துப்போனது. நாலு பேர் தூக்கிவிட்டு, எப்படியோ மேலே கொண்டுபோய்ச் சேர்த்தோம். வீட்டுக்கு வந்ததும் மதினி தீர்ப்புச் சொன்னாள்.

"இது சாமி குத்தம். வெரதத்துல ஏதோ கொற இருந்திருக்கு. அதான் அவனுக்கு இந்தத் தூக்கம். இன்னும் ஆறு கிருத்திக முடியறவரைக்கும் வெரதத்த விடக் கூடாது. பழசு வாயில படக் கூடாது."

குறை என்று சொன்னபோது என்னைத்தான் பார்த்தாள். நான் சமைத்த பாத்திரத்தில் கருவாடு பட்டிருக்குமோ, கழுவியது போதாதோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மறுநாளிலிருந்து அரிசியை ஒன்பது தண்ணீர் விட்டுக் கழுவினேன். இதை எழுதும்போது என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

ஆறு கிருத்திகை என்றால் ஆறு மாதம். மாசி முடிவதற்குள் அவர் உட்கார்ந்தால் தூங்கினார், நின்றால் சாய்ந்தார். அப்போதுதான் வைத்தியர்கள் எல்லாரும் வீடு தேடி வந்தார்கள். பக்கத்து வீட்டு வேதக்காரப் பெண்மணி, பாவம் நல்லவள்தான், மாதா கோயிலில் மந்திரித்த தண்ணீரைக் கொண்டுவந்து தெளித்தாள். கூடவே விளக்கெண்ணெயும் கொடுத்தாள். எதற்கும் இருக்கட்டும் என்றாள். எதிர்வீட்டுக்காரர் கொய்னா மாத்திரையைக் கொடுத்துக் காய்ச்சலை இறக்கச் சொன்னார். காய்ச்சலே இல்லாதவருக்கு எங்கிருந்து இறக்குவது? அதைத் தின்று காதில் வண்டு இரைகிறது என்றார். அப்புறம் இரைகிற காதோடேயே தூங்கினார். மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டோம். நெடி வரவில்லை, கண்ணேறுதான் என்று ஒருத்தி சொன்னாள். நெடி வந்து நாங்கள் எல்லாரும் இருமினோம் என்பது வேறு விஷயம். கட்டிலைத் திருப்பிப் போட்டோம். மறுபடியும் திருப்பிப் போட்டோம். தரை தேய்ந்ததுதான் மிச்சம்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. முகத்தில் தண்ணீர் அடித்துப் பார்த்தேன். கறுப்புக் காப்பியைக் கசக்கக் கசக்கக் கொடுத்தேன். ஒருநாள் அவர் வேலையிலிருந்து வந்ததும் வாயை முகர்ந்துகூடப் பார்த்தேன். கள் வாடை இல்லை. அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு வெட்கமாகிவிட்டது. வெட்கத்தை மறைக்க இன்னும் சத்தமாகத் திட்டினேன்.

"ஊர்ல எல்லா ஆம்பளையும் முழிச்சிருக்கான், ஒங்களுக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

"எனக்கே தெரியலடி" என்றார். திட்டியதுக்குப் பதில் திட்டாமல் அப்படிச் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பாதம் மரத்துப்போகிறது, செருப்பு கழன்று விழுந்தாலும் தெரிவதில்லை என்று அன்றைக்குச் சொன்னார். நான் அதையும் சோம்பலில் சேர்த்துவிட்டேன்.

முதல் தடவை ஸ்டேஷன் மாஸ்டர் கண்டுபிடித்தது பங்குனியில். சரக்கு வண்டி சிக்னலுக்கு வெளியே நின்று கூவிக்கொண்டிருக்க, இவர் லிவர் பக்கத்தில் முக்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவை முக்காலியை எடுத்துவிட்டார்கள், லிவரின் மேலேயே சாய்ந்து தூங்கினார். ஸ்டேஷன் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர், ஆனால் இரக்கமில்லாதவர் அல்ல. நான் சாப்பாடு கொண்டுபோனபோது என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்ச பாருங்கோ தங்கச்சி. ஒருக்கா மன்னிச்சன், ரெண்டாந்தரமும் மன்னிச்சன். இனி ஒருக்கா நித்திரை கொண்டால் துரைக்கு எழுதாமல் இருக்கேலாது. ஆள் குடிக்கிறதெண்டு எல்லாரும் சொல்லுறாங்கள்."

"குடிக்கிறதில்லைங்கய்யா. வெரதத்துல இருக்காரு."

"விரதக்காரனுக்கு உப்பிடியே நித்திரை வரும்?" என்று கேட்டுவிட்டு, அவர் போய்த் தமது சாய்வு நாற்காலியில் மத்தியானத் தூக்கத்துக்குப் படுத்தார். அதில் தப்பில்லை. அவர் கையில் லிவர் இல்லை.

வீட்டுக்கு வந்து மதினியிடம் சொன்னேன். விரதத்தை விட்டுவிடலாம், கறி மீன் சாப்பிட்டால் தெம்பு வரும் என்று கெஞ்சினேன்.

"பாதியில விட்டா வேலையும் போகும், ஆளும் போவான். சாமிகூட வெளையாடுறியா?"

மூன்றாவது தடவை சித்திரை வெயிலில் நடந்தது. இவர் லிவரைப் பாதி இழுத்தபடியே கண்ணயர்ந்துவிட்டார். மரம் ஏற்றி வந்த இரண்டு பெட்டிகள் தண்டவாளத்தை விட்டு இறங்கிச் சாய்ந்தன. யாருக்கும் அடியில்லை. அது அந்த முருகனின் அருளோ, வண்டி மெதுவாக வந்த அதிர்ஷ்டமோ, நான் இரண்டுக்கும் நன்றி சொல்லிக்கொண்டேன். துரை வந்து பார்த்துவிட்டு, ஆள் குடித்திருக்கிறானா என்று ஆஸ்பத்திரியில் காட்டிச் சீட்டு வாங்கிவரச் சொன்னார். குடித்திருந்தால் அன்றோடு வேலை முடிந்தது. நானும் கூடவே ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு அடுத்தபடி நோயாளிகளைப் பார்க்கிற டிரெசர் ஒரு தமிழர், சின்ன வயசு, மெதடிஸ்ட் பள்ளியில் படித்தவர் போலிருக்கிறது. வாயை ஊதச் சொன்னார். கள் இல்லை என்று எழுதினார். அதோடு விட்டிருக்கலாம். இவர் நடந்து வந்தபோது ஒரு கால் செருப்பு வாசலிலேயே கழன்று கிடந்ததைக் கவனித்தார்.

"அண்ணே, செருப்பு அங்க கெடக்கு."

இவர் குனிந்து காலைப் பார்த்தார். அதுவரை அவருக்குத் தெரியவில்லை.

டிரெசர் கீழே உட்கார்ந்து அவருடைய முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மேல் கட்டை விரலால் அழுத்தினார். எடுத்தபின்னும் அந்தக் குழி, பிசைந்து வைத்த மாவில் விழுந்த குழி மாதிரி அப்படியே நின்றது. குந்தி உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னார். இருபத்தாறு வயது மனிதர், எழுந்திருக்க முடியவில்லை. என்னைப் பார்க்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இத்தனை மாதம் சோம்பேறி, சோம்பேறி என்று திட்டிய நான், வாசலில் கிடந்த செருப்பை எடுத்துவந்து அவர் காலடியில் வைத்தேன்.

"இது பெரிபெரி" என்றார் டிரெசர். "உள்ள ஒரு வார்டு பூரா இதே வியாதிதான். எல்லாம் ஈயச் சுரங்கத்துச் சீனங்க. தமிழாளு ஒருத்தரக்கூட நான் பாத்ததில்ல. அண்ணே, நீங்க சீனர் கடையில சாப்பிடுறீங்களா?"

"இல்ல. வீட்டுச் சாப்பாடு."

டிரெசர் என் பக்கம் திரும்பினார். "அக்கா, வீட்ல என்ன அரிசி?"

"நல்ல அரிசிதாங்க" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. "சயாம் பச்சரிசி. ஒம்பது தண்ணி விட்டுக் கழுவி, கஞ்சிய ஒட்ட வடிச்சுத்தான் போடுறேன்."

அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"எத்தன நாளா?"

"கார்த்திகையிலிருந்து."

"நீங்களும் அதேதான் சாப்பிடுறீங்களா?"

"எனக்கு எதுக்குங்க அது? நான் ரங்கூன் புழுங்கல் சாப்பிடுறேன்."

"கொஞ்சம் குந்தி எந்திரிங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு குந்தினேன், எழுந்தேன். எதையும் பிடிக்கவில்லை, மூச்சும் வாங்கவில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே குழாய்த் தண்ணீர். டிரெசர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மில்லுல தீட்டும்போது அரிசியோட தோல்ல இருக்கிற ஏதோ ஒண்ணு போயிருதுன்னு சில டாக்டருங்க சொல்றாங்க. நெல்லோட அவிச்சா அது உள்ளயே நின்னுருதாம். கிருமின்னு சில பேர் சொல்றாங்க. அவங்க சண்ட இன்னும் முடியல. ஆனா நான் கண்ணால பாக்கிறது இதுதான். வெள்ளச் சோத்த மட்டும் திங்கிறவன் படுத்துக் கெடக்கிறான், புழுங்கல் திங்கிறவன் நடந்து போறான். இன்னிக்கே அரிசிய மாத்துங்க. கொஞ்சம் மிஞ்சிருந்த பலத்த நீங்க தண்ணியில கழுவி ஊத்திட்டீங்க. பருப்பு, மீன் எல்லாம் குடுங்க. ரெண்டு மாசத்துல சரியாயிரும். இன்னும் ரெண்டு மாசம் இப்படியே விட்டிருந்தா நெஞ்சு நின்னுருக்கும்."

ஊரில் எல்லோரும் காரணம் தேடி எங்கெங்கோ அலைந்தார்கள். காரணத்தை நான் தினமும் மல்லிகைப்பூ மாதிரி இலையில் வைத்துக்கொண்டிருந்தேன். தூக்கம் வருகிறது என்று விரதம், விரதம் இருந்ததால் மேலும் தூக்கம், அந்தத் தூக்கத்துக்கு மேலும் விரதம். இப்படி ஒரு மருந்தை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யார் கண்டுபிடிப்பார்கள்?

டிரெசர் சீட்டு எழுதிக் கொடுத்தார். குடியில்லை, வியாதி, சாப்பாட்டு அரிசியால் வந்தது, குணமாகும். மறுநாள் காலை துரை விசாரிப்பார். அந்தச் சீட்டு இருந்தால் வேலை தப்பிவிடும் என்று ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னார். நான் முருகனுக்குத் தேங்காய் உடைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு, கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டேன். இனி இந்த வீட்டில் யாரும் எதற்கும் வேண்டிக்கொள்ளக் கூடாது.

வீட்டில் அவருக்குப் புழுங்கல் கஞ்சியைக் கொடுத்தபோது அவர் சொன்னார்:

"துரைகிட்ட வெரதத்தப் பத்திப் பேசாத."

"ஏன்?"

"சாமிக்கு இருந்த வெரதத்தால வியாதி வந்துச்சுன்னு வெள்ளக்காரன் முன்னால என் வாயால வராது. சிரிப்பான். அப்புறம் அக்கா மூஞ்சியில எப்படி முழிப்பேன்? அவ ஆசயா வேண்டிக்கிட்டது."

"ஏன் அந்த அரிசின்னு கேப்பாரே, சொல்லலன்னா வேல போயிருமே!"

"போனா போகட்டும்" என்றார். சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார். நான் கஞ்சிச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அதை அவர் தலையில் கவிழ்க்கலாமா என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் ஸ்டேஷன் ஆபீஸில் துரை நாற்காலியில், ஸ்டேஷன் மாஸ்டர் பக்கத்தில், இவர் எதிரே. நான் கதவுக்கு வெளியே. துரை சீட்டைப் படித்துவிட்டு இங்கிலீஷில் ஏதோ கேட்டார். ஸ்டேஷன் மாஸ்டர் தமிழில் சொன்னார்.

"இது சீனருக்கு வாற நோயாம். தமிழன் நீ ஏன் வெள்ளையரிசி திண்டனீ எண்டு துரை கேக்கிறார்."

இவர் தம் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொல்லும்! டிரெசரும் தமிழன், நீரும் தமிழன், ரெண்டு பேரும் சேர்ந்து குடியை மறைக்கிறீங்களோ எண்டு துரைக்குச் சந்தேகம்."

அப்போதும் வாயைத் திறக்கவில்லை. துரை சீட்டை மடித்து மேசையில் போட்டார். அவர் கை பேனாவுக்குப் போனது. எனக்கு அந்த ஒற்றை அறை, அடுப்படி, குழாய் எல்லாம் கண்முன்னே வந்தது. தடுக்க ஆள் வருமுன் உள்ளே போய்விட்டேன்.

"நாந்தாங்க காரணம்" என்றேன். "தோட்டத்துல கூலிக்காரச் சோறு தின்னே வளந்தவ. குவாட்டர்ஸுக்கு வந்ததும் நாலு பேரு பாக்க வெள்ளச் சோறு பொங்கணும்னு ஆச. அவரு வேணாம்னுதான் சொன்னாரு. நாந்தான் கேக்கல."

ஸ்டேஷன் மாஸ்டருக்கு விரதம் பற்றித் தெரியும். நானே அவரிடம் சொல்லியிருக்கிறேன். என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு நான் சொன்னதை மட்டும் துரைக்குச் சொன்னார். துரை சிரித்தார்.

"பெண்டாட்டியின்ர பகட்டால ரெண்டு பெட்டி தடம் புரண்டு போச்செண்டு சொல்லுறார்" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர், தாம் சிரிக்காமல். "வேலை இருக்கு. ரெண்டு மாசம் விளக்குத் துடைக்கிற வேலை. குணமானால் திரும்பப் பாயிண்ட்ஸுக்கு வரலாம்."

வெளியே வந்து அழுதேன். வேலை தப்பிய சந்தோஷம் பாதி, அவமானம் பாதி. சொன்னது முழுப் பொய்யாக இருந்திருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். பாசாரிலிருந்து அந்த அரிசியைத் தூக்கிக்கொண்டு நான் நடந்த நடை எனக்குத்தானே தெரியும்.

டிரெசர் சொன்னது அப்படியே பலித்தது. புழுங்கல் சோறு, பருப்பு, கஞ்சியோடு கருவாடு. இரண்டு வாரத்தில் மூச்சு வாங்குவது நின்றது. ஒரு மாதத்தில் காலில் செருப்பு நின்றது. பிறகு ஒருநாள் சாப்பிட்டுவிட்டு, சுவரில் சாயாமல், நேராக உட்கார்ந்து வெற்றிலை போட்டார். எனக்குப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் போலிருந்தது.

ஆனால் நான் ஆபீஸில் பேசியது எனக்கு முன்னாலேயே குவாட்டர்ஸுக்கு வந்து சேர்ந்துவிட்டிருந்தது. குழாயடியில் என்னைக் கண்டால் பேச்சு நிற்கும். பகட்டுக்காரி என்று பெயர் வந்துவிட்டது. கூலிக்காரன் மகளுக்கு வெள்ளைச் சோறு கேட்குதாம், புருஷனை முடமாக்கப் பார்த்தாளாம். விளக்கெண்ணெய் கொடுத்தவள், மிளகாய் சுற்றியவள், கட்டிலைத் திருப்பச் சொன்னவர் எல்லாரும், எங்களுக்கு அப்போதே தெரியும் என்றார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மதினி வந்தாள். வாசலில் நின்றுகொண்டு, நாலு வீட்டுக்கும் கேட்கிற குரலில் ஆரம்பித்தாள்.

"தாயில்லாத புள்ளைய நான் தூக்கி வளத்தேன். ஒன் பகட்டுக்கு அவனக் கால் வெளங்காதவனா ஆக்கப் பாத்தியேடி! ஒனக்கு யாரு சொன்னா வெள்ளச் சோறு போடச் சொல்லி?"

எனக்கு ஒரு நிமிஷம் என் காதையே நம்ப முடியவில்லை. யார் சொன்னதாம்! அவள் நடிக்கவில்லை, அதுதான் கொடுமை. ஊர் பேசியதைக் கேட்டுக் கேட்டு, தானும் அதையே நம்பிவிட்டாள். விரதம் என்ற சொல் அவள் வாயில் வரவே இல்லை. பக்கத்து வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

பதில் என்னிடம் இல்லாமல் இல்லை. அதைச் சொல்ல வேண்டியவர் உள்ளே இருந்தார். துரை முன்னால் சொல்ல முடியாதது சரி, வெள்ளைக்காரன் சிரிப்பான். இங்கே யார் சிரிக்கப் போகிறார்கள்? நான்தான் போடச் சொன்னேன், நீதான் விரதம் வைத்தாய் அக்கா, அவளை விடு. இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை அவர் சொன்னால் போதும். அத்தனை மாதமும் தூங்குகிற மனிதரிடம் என்ன கேட்பது என்று விட்டிருந்தேன். இப்போது திரும்பி அவரைப் பார்த்தேன்.

அவர் தூங்கவில்லை. முதுகு நிமிர்ந்து, கண் தெளிந்து, வெற்றிலையை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா பேசியதில் ஒரு சொல்லும் அவர் காதில் விழாமல் போகவில்லை. கடைசிவரை கேட்டுக்கொண்டேதான் இருந்தார்.